டி. இளம்பரிதி

செப்டம்பர் 4, புதன்

இந்த நோட்டின் அட்டையில் ‘தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடம்: வேற்றுமை உருபுகள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். என் இங்கிலீஷ் நோட்டுகளை அப்பா புரட்டிப் பார்ப்பார். வேற்றுமை உருபை உலகத்தில் யாரும் புரட்ட மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகு துணி அலமாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். குளிர்கோட்டு ஒன்று தலையில் இடிக்கிறது.

இன்று காலேஜ் முதல் நாள். நான் பதினொன்றாம் வகுப்புதான். எங்கள் ஹைஸ்கூல் பிள்ளைகள் ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுத்துப் படிக்கலாம். கட்டணம் கிடையாது. அதில் வாங்கும் மார்க் பள்ளிக்கும் சேரும், பிற்பாடு காலேஜுக்கும் சேரும். ‘ஓசி’ என்று காதில் விழுந்ததுமே அப்பா ஆன்லைனில் படிவத்தை நிரப்பி என்னைப் புள்ளியியலில் சேர்த்துவிட்டார். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சாக்ரமெண்டோ பக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் பஸ் டிரைவர் ‘குட் மார்னிங்’ சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்னைக் காலேஜில் விட்டுவிட்டார்கள்.

கவுன்சிலர் மிஸ் ஒகாஃபோர் புதிதாக வந்த பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒன்று சொன்னார். “பள்ளியில் வாங்கிய மார்க்கை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இங்கே வாங்குவது நீங்கள் சாகும்வரை உங்கள் பெயரில் இருக்கும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

பேராசிரியர் ஹாலோரன் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். “இலாம்... பாரிட்டி?” அப்பா வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். கோபியில் நான் இ. தாரகை. அப்பா ஒரே எழுத்து, நான் முழுப்பெயர். இங்கே அப்பா முழுப்பெயர், நான் ஒரே எழுத்து. தாரகைக்கு இங்கிலீஷில் முதல் எழுத்து டி, அதனால் பட்டியலில் ‘டி. இளம்பரிதி’ என்றுதான் இருக்கிறது. பெயர் என்றால் ஒரு முழுப்பெயரும் ஒரு இனிஷியலும், அதற்குமேல் எதற்கு என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. “இளம்பரிதி, தலையை நிமிர்த்து” என்று ஹாலோரன் சொன்னபோது அப்பாவை யாரோ அதட்டுவதுபோல் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

போன மாதம் பெற்றோர் கையெழுத்துக்காக அம்மா என்னோடு காலேஜுக்கு வந்திருந்தாள். நான் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியபோது அம்மா கவுன்ட்டரில் ஏதோ படிவத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பிக்கொண்டிருந்தாள். காரை நிறுத்துவதற்காக இருக்கும். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் படிவம்.

செப்டம்பர் 5, வியாழன்

இனிமேல் செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் அம்மா கனகா ஆன்ட்டியோடு வாக்கிங் போகிறாளாம். ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்கு வந்தாள். நடப்பதற்குக் காரில் போகிறாள்.

செப்டம்பர் 11, புதன்

காலேஜ் மெயிலில் ஒரு கடிதம். “இரும்பு முனை வைத்த பூட்ஸ் இல்லாதவர்களை அடுத்த வகுப்பில் உள்ளே விடமாட்டோம்.” பயந்துபோய் ஹாலோரனிடம் கேட்டேன். புள்ளியியலில் இதுவரை யார் காலிலும் எதுவும் விழுந்ததில்லை என்றார். வகுப்பே சிரித்தது. விளம்பரமாக இருக்கும். அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

அம்மா வாக்கிங்குக்குப் புது ஷூ வாங்கியிருக்கிறாள். கணுக்காலுக்கு மேல் ஏறுகிறது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், அரைப் படி அரிசி கனம்.

அப்பா கேட்டார்: “ஏம்புள்ள, இமயமலைக்கா நடக்கறே?”

“கனமா இருந்தாத்தானுங்க கொழுப்புக் கரையும்” என்றாள் அம்மா.

அப்பா தன் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

தமிழ்ச் சங்கத்தில் மதியச் சாப்பாடு. அப்பா சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார். “பதினொண்ணாவதுலயே காலேஜுங்க. பாதி டிகிரி முடிஞ்ச மாதிரி.” ஒரே ஒரு பாடம், அதில் இதுவரை நான்கு வாரம். சங்கச் செயலாளர் துரைராஜ் அங்கிள், “ரிசல்ட் வந்ததும் சொல்லுங்க, ஆண்டு விழாவுல மேடையேத்திப் பாராட்டிருவோம்” என்றார்.

அப்பா திட்டமாட்டார் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். என் மார்க் குறைந்தால் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்க் காரைக் கழுவுவார். எட்டாம் வகுப்பில் மூன்று தடவை கழுவினார். திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 2, புதன்

இதை இந்த அலமாரிக்குள் மட்டும்தான் சொல்ல முடியும்.

மார்க் பார்க்கலாம் என்று காலேஜ் கணக்கைத் திறந்தேன். புள்ளியியல், 84. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘வெல்டிங், தொடக்க நிலை. எழுத்துத் தேர்வு: 42.’

எனக்கு வெல்டிங் தெரியாது. வெல்டிங் வகுப்பு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்றுகூடத் தெரியாது. தெரியாத பாடத்தில் நாற்பத்திரண்டு எடுத்தது எப்படி என்று முதலில் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. பிறகு மிஸ் ஒகாஃபோர் சொன்னது ஞாபகம் வந்தது. நான் சாகும்வரை, என் பெயரில், வெல்டிங்கில் ஃபெயில்.

அக்டோபர் 3, வியாழன்

காலையில் தோசை சாப்பிடும்போது சுற்றி வளைத்துக் கேட்டேன். “அப்பா, என்னைய இன்னொரு கிளாஸ்ல ஏதாச்சும் சேத்துவிட்டீங்களா?”

“ஏஞ்சாமி, இன்னொண்ணும் ஓசில இருக்குதா?” அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “என்ன கிளாஸ்?”

“ஒண்ணுமில்லீங்கப்பா.”

அம்மாவின் கையிலிருந்து தோசைத் திருப்பி கீழே விழுந்தது. பாவம், அவளுக்கு நான் ரொம்பப் படிக்கிறேன் என்று கவலை.

அக்டோபர் 8, செவ்வாய்

மிஸ் ஒகாஃபோரைப் பார்த்தேன். வாசலில் பதினைந்து நிமிடம் நின்று, சொல்ல வேண்டிய இங்கிலீஷ் வாக்கியத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனேன். வியர்வையில் பாதி அழிந்துவிட்டது.

“நான் இந்த வகுப்பில் இல்லை.”

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “டி. இளம்பரிதி. ஓக் தெரு. இது நீதானே?”

“நான்தான்.”

“வருகை நூறு சதவீதம். ஒரு நாள்கூட விடவில்லை.”

நான் போகாத வகுப்புக்கு நான் தவறாமல் போயிருக்கிறேன். அதை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மார்க் குறைந்தவுடன் ‘நான் அவள் இல்லை’ என்று சொல்லும் பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் போல. ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் விலகினால் தடமே இருக்காது. பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பாவிடம் கேட்க முடியாது.

அக்டோபர் 9, புதன்

அம்மாவின் முன்கையில் தீக்காயம். தோசைக்கல் சுட்டுவிட்டதாம். தோசைக்கல் சுட்டால் கோடாக இருக்கும். இது கடுகு தாளித்தது மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. நேற்று எங்கள் வீட்டில் இட்லி. என் கவலையில் இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

அக்டோபர் 10, வியாழன்

அம்மா வாக்கிங்குக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். ஒரு காலில் ஷூ ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தாளை நீட்டினேன்.

“என்ன கண்ணு இது?”

“காலேஜ்ல ஒரு எடத்துக்குக் கூட்டீட்டுப் போறாங்க. கையெழுத்து வேணும்.”

“எங்க போடோணும்?”

காட்டினேன். சுவரில் தாளை வைத்து, படிக்காமல், ‘இ. தெய்வானை’ என்று தமிழில் போட்டாள். அம்மா எப்போதும் அப்படித்தான். “பத்தரமாப் போயிட்டு வா” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். இன்னொரு ஷூவின் கயிற்றைக் கட்டக்கூட இல்லை.

அம்மாவிடம் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. (நான்காவது. முதல் மூன்றும் பால் குடித்தாயா என்பது பற்றி.)

அக்டோபர் 11, வெள்ளி

தாளைக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் கணக்கைத் திறந்தால் ஒரே ஒரு வரி. புள்ளியியல், 84. வெல்டிங் போய்விட்டது. இரண்டு கிண்ணம் பாயசம் சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

அம்மா ஆறு மணிக்குப் போனவள் ஆறு இருபத்தைந்துக்கே திரும்பி வந்துவிட்டாள். கனகா ஆன்ட்டிக்கு முழங்கால் வலியாம். பிறகு பிரிட்ஜில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, தட்டுகளைக் கழற்றிக் கழுவி, எல்லாவற்றையும் மறுபடி உள்ளே வைத்தாள். அப்பாவுக்குக் கார், அம்மாவுக்குப் பிரிட்ஜ் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

இன்றும் அம்மா போகவில்லை. கராஜைச் சுத்தம் செய்தாள். நான் தண்ணீர் கொண்டுபோனபோது, உடைந்துபோன பழைய இரும்பு ஸ்டாண்டு ஒன்றின் இரண்டு துண்டுகளையும் ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. தூசி.

அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம். வியாழக்கிழமை ராத்திரி சூடான தோசை சாப்பிட்டு ஆறு வாரம் ஆகிறதாம்.

அக்டோபர் 19, சனி

இரண்டு விஷயம் நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் இந்தியக் கடையில் கனகா ஆன்ட்டியைப் பார்த்தேன். குனிந்து பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தூக்கினார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. “எங்கம்மிணி உங்கம்மாவ ஆளவே காணோம்? ஆடியில பாத்தது” என்றார்.

மத்தியானம் காலேஜ் மெயிலில் ஒரு கடிதம். வெல்டிங் வகுப்பு ஆசிரியர் புஸ்டமாண்டே எழுதியிருந்தார். தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

“அன்புள்ள டி, நீங்களே விலகிவிட்டதாகக் கம்ப்யூட்டர் காட்டியதால் செவ்வாயன்று உங்களை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நீங்கள் ஒன்றும் புரியாமல் நின்றது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நாற்பத்திரண்டு உங்கள் இங்கிலீஷுக்கு வந்த மார்க், கைக்கு வந்ததல்ல. வகுப்பில் இருக்கும் இருபது வயதுப் பையன்கள் எல்லோரும் வெல்டு போடச் சொன்னால் மண்புழு போடுகிறார்கள். நேர்கோடு போடுவது நீங்கள் ஒருவர்தான். உங்கள் ஏழாம் நம்பர் ஹெல்மெட்டை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. பி.கு.: முறுக்குக்கு நன்றி. ஒரே சீராகச் சுற்றுவது எப்படி என்று அதைக் காட்டித்தான் பாடம் நடத்தினேன். பிறகு சாப்பிட்டுவிட்டோம்.”

மூன்று முறை படித்தேன். எங்கள் வீட்டில் முறுக்குச் சுற்றும் டி. இளம்பரிதி நான் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

சூப்பர் மார்க்கெட் வாசலில், காருக்குள் வைத்துச் சொன்னேன். வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை.

“அம்மா, அன்னிக்கு நீ போட்ட கையெழுத்து வெளிய கூட்டீட்டுப் போறதுக்கு இல்ல.”

“வேறென்னத்துக்கு?”

“வெல்டிங் கிளாஸ்லருந்து பேர எடுக்கறதுக்கு.”

அம்மா சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது. உடனே அணைத்தாள்.

“எனக்கு நானே கையெழுத்துப் போட்டு நானே வெளிய வந்துட்டனா?”

“ஆமா.”

“படிச்சுக்கூடப் பாக்காமயா போட்டேன்?”

“நீ எப்பத்தான் படிச்சுப் பாத்திருக்கறே?”

“அந்த வாத்தியாரும் இதேதான் சொல்றாரு. கேள்வியப் படி, கேள்வியப் படின்னு.” மெல்லிய குரலில் கேட்டாள். “நாப்பத்திரண்டையும் பாத்துட்டயா?”

“அது எனக்கு வந்ததுன்னு நெனச்சுட்டேன்.”

“அப்பாகிட்டச் சொல்லீட்டயா?”

“இல்ல. நீ ஏஞ் சொல்லல?”

“பாசாயிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். இல்லீனா சங்கத்துல வாளிக்குப் பக்கத்துல நிக்கவெச்சு எல்லார்த்துக்கும் சொல்லுவாரு. அப்பறம் ஃபெயிலானா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு சாம்பார் ஊத்தறது?”

அதே காரணம்தான் எனக்கும்.

எதற்கு வெல்டிங் என்று கேட்டேன். என் படிவத்துக்காக நின்றபோது கவுன்ட்டர் பெண்மணி, ‘ஊர்க்காரர்களுக்கும் முதல் பாடம் ஓசிதான், நீங்கள் சேரவில்லையா’ என்றாராம். “பேக்கிங் கேட்டேன், நெறஞ்சு போச்சு. தையல் கேட்டேன், நெறஞ்சு போச்சு. கடைசிப் பக்கத்துல இதுல மட்டும் எடம் இருந்துது. சும்மாத்தான் போனேன் கண்ணு. அந்த ஹெல்மெட்டப் போட்டனா, மொகமே தெரியாது. உள்ள நீ ஆரு, எந்த ஊரு, உனக்கு இங்கிலீசு வருமா, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. முன்னால ஒரே ஒரு வெளிச்சம். அத மட்டும் பாத்துட்டு இருந்தாப் போதும்.”

மூன்று வருடமாக அம்மா இப்படி ஒரு மூச்சில் பேசி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 21, திங்கள்

இருவரும் மிஸ் ஒகாஃபோர் முன்னால் உட்கார்ந்தோம். இரண்டு டி. இளம்பரிதிகளையும் ஒன்றாகப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா நிரப்பிய படிவத்தைத் தேடி எடுத்தார். கடைசிப் பெயர் இளம்பரிதி, முதல் பெயர் வெறும் டி (இங்கிலீஷில் தெய்வானைக்கும் அதே எழுத்து). பிறந்த தேதிக் கட்டம் காலி. (“வயசெல்லாம் எதுக்கு?” என்றாள் அம்மா என் காதில்.) ‘இவர் ஏற்கெனவே இருக்கிறாரே, அதே ஆளா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. யாரோ ‘ஆம்’ என்று தட்டியிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டார். ஆனால் இரண்டு பேரையும் பிரிக்க ஜனவரி ஆகுமாம். அம்மா இந்தப் பருவத்தை முடிக்க வேண்டுமானால் ஒரே வழி, என் கணக்கிலேயே திரும்பச் சேர்வது. அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“அம்மா ஃபெயிலானால்?”

“உன் கணக்கில் ஃபெயில் என்று வரும். ஜனவரியில் மாற்றிவிடுவோம். பெரும்பாலும் மாற்ற முடியும்.”

‘பெரும்பாலும்’ என்றால் என்ன என்று புள்ளியியலில் ஆறு வாரமாகப் படிக்கிறேன். அது நல்ல வார்த்தை இல்லை.

அம்மா எழுந்துவிட்டாள். “வேண்டாங் கண்ணு. வா போலாம். உன்ற வாழ்க்கையில எதுக்கு என்ற மார்க்கு?”

நான் பேனாவை எடுத்தேன். தைரியத்தால் இல்லை. கராஜில் அவள் அந்த இரண்டு இரும்புத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறுபடி பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கையெழுத்து கோணலாகப் போனது. கீழே பெற்றோர் கையெழுத்தும் தேவைப்பட்டது. என் மகள் வெல்டிங் படிக்கச் சம்மதிக்கிறேன் என்று அம்மா போட்டாள். இந்த முறை முழுவதும் படித்துவிட்டு, விரல் வைத்துப் படித்துவிட்டு, போட்டாள். பதினொரு நிமிடம் ஆனது.

நவம்பர் 4, திங்கள்

வெல்டிங்கில் மார்க்கின் பெரும்பங்கு செய்முறைக்குத்தான். ஆனால் பாசாகக் கடைசி எழுத்துத் தேர்வில் எழுபது வாங்க வேண்டும். நான்தான் டீச்சர். அப்பா ஆபீஸிலிருந்து வருமுன் தினமும் ஒரு மணி நேரம்.

“ஸ்லாக்னா என்ன?”

“பால் மேல ஆடை கட்டற மாதிரி வெல்டு மேல கட்டறது. ஆறுனதும் தட்டி எடுத்துப் போடோணும்.”

“பொரோசிட்டி?”

“ஆப்பத்துல ஓட்டை விழற மாதிரி.”

“அது நல்லதா கெட்டதா?”

“ஆப்பத்துக்கு நல்லது.”

“அம்மா, கேள்வியப் படி.”

“வெல்டுக்குக் கெட்டது, கெட்டது. எழுதிக்கோ.”

நவம்பர் 9, சனி

நானும் அம்மாவும் குசுகுசுவென்று பேசுவதும், அப்பா வந்தால் நிறுத்துவதுமாக இருப்பதை அப்பா கவனித்துவிட்டார். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி முன் நின்று பாட்டு முணுமுணுக்கிறார்.

நவம்பர் 16, சனி

விஷயம் இப்போதுதான் புரிந்தது. இன்று அப்பாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். நாங்கள் ரகசியமாக விழா ஏற்பாடு செய்கிறோம் என்று நினைத்திருக்கிறார். காலை எட்டு மணிக்கே பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஆச்சரியப்படுவதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு, “சரி, கடலைப்பருப்பு வாங்கோணும்னு சொன்னயே” என்று அந்தச் சட்டையோடே கடைக்குப் போனார். அவர் வருவதற்குள் அம்மா கேசரி கிளறினாள், நான் ஐந்து பலூன் ஊதினேன். ஒன்று வெடித்துவிட்டது. நான்கு போதும் என்றார் அப்பா.

நவம்பர் 25, திங்கள்

புள்ளியியலில் 71. அம்மாவின் ஸ்லாக்கைத் தட்டிக்கொண்டிருந்ததில் என்னுடையதைப் படிக்கவில்லை. “இளம்பரிதிக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டார் ஹாலோரன். எந்த இளம்பரிதிக்கு என்று கேட்கத் தோன்றியது.

டிசம்பர் 10, செவ்வாய்

அம்மாவுக்குச் செய்முறைத் தேர்வு. நானும் கூடப் போனேன். வெல்டிங் கூடத்தின் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக் கண்ணாடியில் ‘நேராகப் பார்க்காதே’ என்று எழுதியிருந்தது. அதனால் எதிர்ச் சுவரில் விழுந்த நீல வெளிச்சத்தைப் பார்த்தேன். நிற்காமல், விட்டு விடாமல், ஒரே சீராக இருந்தது. அது அம்மாதான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். உள்ளே பத்துப் பேர் இருந்தார்கள்.

டிசம்பர் 12, வியாழன்

எழுத்துத் தேர்வு. வெளியே வந்ததும் அம்மா சொன்னது: “எல்லாக் கேள்வியையும் ரெண்டு ரெண்டு தடவ படிச்சேன். அதுலயே நேரம் போயிருச்சு.”

தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்க் வந்துவிட்டது. என் கணக்கில் இரண்டு வரி. புள்ளியியல், பி மைனஸ். வெல்டிங், ஏ.

அம்மாவிடம் போனைக் காட்டினேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். “அது ஏ தானா? வேற எழுத்து எதும் இல்லியே?” என்று நான்கு முறை கேட்டாள். பிறகு நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு, போனுக்கும் வைத்தாள்.

மிஸ் ஒகாஃபோரின் கடிதமும் வந்திருக்கிறது. வெல்டிங்கை அம்மாவின் பெயருக்கு மாற்ற இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஒன்றும் அனுப்பாவிட்டால் இப்படியே இருந்துவிடும். அதாவது நான் சாகும்வரை எனக்கு வெல்டிங்கில் ஏ.

“நீயே வெச்சுக்கோ கண்ணு” என்றாள் அம்மா. “என்னாலதான் உன்ற மார்க்குக் கொறஞ்சுது. இத வெச்சா சரியாப் போயிரும். எனக்கெதுக்கு? நான் என்ன யூனிவர்சிட்டிக்கா அப்ளை பண்ணப் போறேன்? அப்பா கேட்டா, விருப்பப் பாடம்னு சொல்லீரு.”

நான் ‘சரி’ என்று சொல்லிவிட்டேன். வேற்றுமை உருபு நோட்டு என்பதால் எழுதுகிறேன், வேறெங்கும் எழுத மாட்டேன். ‘ஆமாங்கப்பா, விருப்பப் பாடம்’ என்று குளியலறையில் ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

டிசம்பர் 18, புதன்

சாப்பாட்டு நேரத்தில் அப்பா லேப்டாப்பைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“புள்ளியியல்...” என்றார். “பி மைனஸ்.”

கார் வெளியே நின்றிருந்தது. மழையும் பெய்துகொண்டிருந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதென்ன? வெல்டிங். ஏ.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “ஏஞ்சாமி, நீ வெல்டிங்குமா படிச்சே?”

அப்பாவின் குரலில் ஏற்கெனவே சாம்பார் வாளி கேட்டது. நான் வாயைத் திறந்தேன். குளியலறையில் ஏழு முறை வந்த வாக்கியம்தான். அம்மாவின் முதுகைப் பார்த்தேன். அவள் தோசையைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். அந்த எழுத்து ஏ தானா என்று நேற்று நான்கு முறை கேட்டவள்.

“அது என்னோடது இல்லீங்கப்பா.”

“பின்ன ஆரோடது?”

அம்மா அடுப்பை அணைத்தாள். திரும்பினாள்.

“என்னுதுங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, முகத்தில் ஒரு நம்பிக்கையோடு கேட்டார். “அப்ப இந்த பி மைனஸ் ஆருது?”

“அது என்னோடதுதானுங்கப்பா.”

“ஓ” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். படிவம், இனிஷியல், நாற்பத்திரண்டு, அம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்ட கையெழுத்து. “வாக்கிங் போறேன்னு சொன்னே” என்றார் அப்பா. “பார்க்கிங்லருந்து நடந்துதானுங்க போனேன்” என்றாள் அம்மா. பூட்ஸைக் கொண்டுவரச் சொன்னார். கையில் வாங்கிக் கனம் பார்த்தார். முன்கையில் இருந்த புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மிஸ் ஒகாஃபோரின் தாளை நான் எடுத்துவந்து நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டபோது, அப்பா எழுந்துபோய் வேறு நல்ல பேனா கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் நாங்கள் போட்டுவிட்டோம்.

அந்த நேரம் பார்த்துத் துரைராஜ் அங்கிள் போன் செய்தார். ரிசல்ட் என்ன ஆச்சு, ஆண்டு விழாப் பட்டியலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அப்பா தோசை சாப்பிட்ட கையோடு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“எங்க வீட்ல ஏ வாங்கீருக்குதுங்க” என்றார் அப்பா.

“அதானுங்களே. பாப்பா ஏ தான வாங்கும்.”

“பாப்பா இல்லீங்க. வீட்ல.”

“அதாங்க கேக்கறேன், வீட்ல ஆரு?”

“வீட்லங்க.”

“சரிங்க, பேரச் சொல்லுங்க. பட்டியல்ல போடோணும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எங்கும் பார்க்கவில்லை. பதினாறு வருடத்தில் அப்பா அம்மாவை ‘ஏம்புள்ள’ என்று கூப்பிட்டும், மற்றவர்களிடம் ‘வீட்ல’ என்று சொல்லியும்தான் கேட்டிருக்கிறேன். தண்ணீர் குடித்தார்.

“தெய்வானைங்க” என்றார். “வெல்டிங்ல.”